குறைந்தபட்சத் தொகை

இப்போதெல்லாம் கடைக்குப் போகிறவர்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. முன்பெல்லாம் ஒருவன் பொருளைக் கையில் எடுப்பான், விலை கேட்பான், பையைத் தடவுவான், முகம் சுண்டிப்போகும், பொருளை இருந்த இடத்தில் வைத்துவிட்டு "அப்புறம் வரேன்" என்று நழுவுவான். அதில் ஒரு மானம் இருந்தது. இப்போது அட்டையை நீட்டுகிறான். மெஷின் ஒரு தடவை கீச்சென்கிறது. பொருள் அவனுக்குச் சொந்தம். அவன் யாருக்குச் சொந்தம் என்பது மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

நான் கண்ணாடி வெட்டுகிறவன். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, முகம் பார்க்க, மேஜைமேல் போட. வயசாகிவிட்டதால் முதலாளி அரை நாள் வேலை, அரைச் சம்பளம் என்று வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்காரவில்லை. எண் தெரியும், கையெழுத்துப் போட வரும், எவனையும் நம்பக் கூடாது என்பது தெரியும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன். பெரிதாகத் தப்பு எதுவும் நடந்ததில்லை. ஒன்று நடந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம் நிறையக் கேட்டார். கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். சரியான கேள்வியை அந்தம்மா கேட்கவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? அவ்வளவு படித்தவருக்குக் கேள்வியை நானா எடுத்துக் கொடுப்பது? அங்கே கேட்காமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

வீட்டில் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரி, எங்கள் மகள். மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவுக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. கட்டிக்கொண்டவன் விட்டுவிட்டுப் போனதும் எங்களோடு வந்துவிட்டாள். ஒரு சலவைக் கூடத்தில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். யார் யாரோ படுக்கிற விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. எங்கள் வீட்டு விரிப்பில் சுருக்கம் மட்டும்தான் இருக்கும்.

அட்டை அவள் பேரில் வந்தது. ஒரு பெரிய கடை வாசலில் மேஜை போட்டு, டை கட்டிய பையன் ஒருவன் குடையை இலவசமாகக் கொடுத்து அட்டையைத் தலையில் கட்டிவிட்டான். அந்தக் குடை முதல் மழையிலேயே கம்பியைத் திருப்பிக்கொண்டது. அட்டை மட்டும் நன்றாக வேலை செய்தது. பழைய ஃப்ரிட்ஜ் செத்துப்போனபோது புது ஃப்ரிட்ஜ் வந்தது. சலவைக் கூடத்தை மூடிவைத்திருந்த சமயத்தில் வீட்டு வாடகையும் அதிலிருந்துதான் போயிற்று. அப்புறம் இன்னொரு செலவு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன், அவசரமில்லை.

போன் வர ஆரம்பித்தது. பாப்பா அதைத் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்குவாள். ஒரு நாள் சாயங்காலம் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது நான் எடுத்தேன். தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண் பேசினாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் வைத்த பேர் குயில்.

"வணக்கம் ஐயா, மேடம் இருக்காங்களா?"

"மேடம்னு இங்க யாரும் இல்லை. இஸ்திரி போடுறவ ஒருத்தி இருக்கா."

"அவங்க கார்டு விஷயமா பேசணும்."

பாப்பா ஈரத் தலையோடு ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். பேசி முடித்துவிட்டுச் சமையலறை மூலையில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த மாதமும் கட்டவில்லை என்றால் ஆள் வருமாம், பிறகு அவள் சம்பளத்திலேயே கை வைப்பார்களாம். அந்தச் சம்பளம் போனால் வாடகை இல்லை. வாடகை இல்லை என்றால் தெரு. என் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணில் புரை. மகள் அழுகிற முகம் தெரியாது, சத்தம்தான் கேட்கும்.

அப்போதுதான் நான் குடும்பப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். அதுவரை யார் கையில் இருந்தது என்று கேட்காதீர்கள்.

"பாப்பா, இனிமே உன் சம்பளம் என் கையில வரணும்."

"ஏம்பா, உங்களுக்கு இந்தக் கார்டு கணக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் என்னை எவனும் ஏமாத்த முடியாது."

அவள் அசதியில் இருந்தாள். சரி என்றாள். அசதியில் இருப்பவர்களிடம் பொறுப்பை வாங்குவது சுலபம்.

முதல் வேலையாக அட்டையை ஒழித்தேன். கடைக்கு எடுத்துப்போய், கட்டரால் கோடு போட்டு ஒடித்துப் பார்த்தேன். கண்ணாடி என்றால் ஒரே கோடு, ஒரே தட்டு, இரண்டு துண்டு. இந்தச் சனியன் வளைந்ததே தவிர ஒடியவில்லை. முதலாளி பார்த்துச் சிரித்தார். கடைசியில் வீட்டுக்கு வந்து சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டேன். கடன் தொலைந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். சாவியை உடைத்தால் பூட்டு ஒழிந்துவிடும் என்று நினைத்த மூளை என்னுடையது.

குயில் மறுபடி கூப்பிட்டாள். போனை நான்தான் வைத்திருந்தேன்.

"அட்டையை வெட்டிப் போட்டாச்சும்மா. இனிமே நமக்குள்ள ஒண்ணும் இல்லை."

"ஐயா, அட்டையை வெட்டினா கடன் போகாதுங்கய்யா." அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு குரல் மாறியது. "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. வீட்டு வருமானம் கம்மி, கட்ட முடியலைன்னு ஒரு விண்ணப்பம் குடுத்தீங்கன்னா, வட்டியை நிறுத்திட்டு உங்களால முடிஞ்ச மாதிரி சின்னத் தவணையா மாத்தலாம். அதுக்கு வழி இருக்கு. மகளை ஒரு தடவை ஆபீசுக்கு வரச் சொல்லுங்க."

"இதுல உனக்கு என்னம்மா லாபம்?"

"எனக்கு ஒரு லாபமும் இல்லைய்யா."

"லாபம் இல்லாம இவ்வளவு பேசுறேன்னா ஒண்ணு நீ பொய் சொல்லணும், இல்லை உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கணும்."

"ரெண்டும் இல்லைய்யா. சம்பளத்துக்குப் பேசுறேன். ஆனா சொல்றது நிஜம்."

ஒரு நொடி நம்பத்தான் தோன்றியது. உடனே சுதாரித்துக்கொண்டேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியாதா? வட்டியில் வயிறு வளர்க்கிறவன் வட்டியை நிறுத்துகிறேன் என்றால் அதற்குப் பின்னால் பெரிய குழி ஒன்று இருக்க வேண்டும். போனை வைத்துவிட்டேன். பாப்பாவிடம் சொல்லவில்லை. அவள் நல்ல பெண், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள். அவளைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை.

மாதா மாதம் கணக்கு வரும். அதில் இரண்டு தொகை போட்டிருப்பான். மொத்தம் என்று ஒன்று, குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று. மொத்தம் ஊரை விற்றாலும் தீராது. குறைந்தபட்சம் கொஞ்சம்தான். கடைக்காரனே வாயைத் திறந்து குறைந்த விலை சொல்லும்போது கூட்டிக் கொடுப்பவன் மடையன். நான் பேரம் பேசாமலே இறங்கி வந்திருக்கிறான் என்று எனக்குள் பெருமை வேறு. ஒவ்வொரு மாதமும் பேங்க் கவுண்டரில் வரிசையில் நின்று நோட்டாகக் கட்டுவேன். முத்திரை குத்திய சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு வருவேன். கடனை அடைக்கிற மனுஷன் எப்படி நடப்பான் என்று தெருவுக்கே காட்டினேன்.

அந்தக் கொஞ்சத்துக்கும் பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே. எல்லோரும் அவரவர் பங்குக்கு ஒன்றை விட வேண்டும் என்று சொன்னேன். பாப்பா பஸ்ஸை விட்டாள், நடந்து போனாள். நான் டீயை விட்டேன். வீட்டில் மட்டும். கடையில் முதலாளி வாங்கிக் கொடுப்பதை மறுத்தால் அவர் மனசு நோகும்.

மிச்சம் என் வீட்டுக்காரி. அவளுக்கு விடுவதற்கு என்ன இருக்கிறது? புதுச் சேலை கேட்டவளில்லை, வெளியே போக வேண்டும் என்றவளில்லை. அவளுக்கென்று வீட்டில் செலவாவது ஒன்றே ஒன்று, ரத்தக்கொதிப்பு மாத்திரை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வாடகைக்கு அடுத்த பெரிய செலவு அதுதான். நான் வேண்டுமென்று அதைத் தேடிப் போகவில்லை. கணக்குப் பார்த்தேன், அது எதிரில் வந்து நின்றது.

மருந்துக்கடைக்காரர் கேட்டார். "என்ன பெரியவரே, ஒரு மாசத்துக்கு வாங்குவீங்க, பாதிதான் கேக்குறீங்க?"

"இப்பத் தேவை பாதிதான்."

நான் எங்கள் தேவையைச் சொன்னேன். அவர் அவள் தேவை என்று எடுத்துக்கொண்டார். அதுவும் என் பொய்யில்லை.

கடையிலிருந்து கழிவுக் கண்ணாடித் துண்டு ஒன்று கொண்டுவந்திருந்தேன், ரசம் பூசியது. அதன்மேல் மாத்திரையை வைத்து ஷேவ் செய்கிற பிளேடால் வெட்டினேன். அந்த மாத்திரையில் நடுக்கோடு கிடையாது. கண்ணால் அளந்துதான் வெட்ட வேண்டும். என் கை தப்பாது. பிளேடுக்குக் கீழே என் மூஞ்சியே தெரியும், அது ஒன்றுதான் கொஞ்சம் தொந்தரவு. நாளாக நாளாகக் கண்ணாடியில் தெரிகிற என் கண்ணை மாத்திரை மறைக்கிற மாதிரி வைத்துப் பழகிக்கொண்டேன். உதிர்கிற தூளை வீணாக்கவில்லை. விரலால் ஒற்றி எடுத்து அவள் டீயிலேயே போட்டுவிடுவேன். அவளுக்குச் சேர வேண்டியதில் ஒரு துகளைக்கூட நான் எடுத்ததில்லை. பாதியைத் தவிர.

முதல் நாள் அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். பாத்திரம் கழுவினாள், பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசினாள், என்னைத் திட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. பாதியிலேயே இவள் இவ்வளவு நன்றாக இருக்கிறாள் என்றால் இத்தனை காலம் மற்றப் பாதி யாருக்குப் போனது? மருந்துக் கம்பெனிக்குத்தான். என் சந்தேகம் வீண்போகவில்லை என்று ஒரு நிம்மதி.

மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அவள் கையை நீட்டுவாள், உள்ளங்கையில் வைப்பேன், தண்ணீர் கொடுப்பேன். கண் சரியில்லாதவளுக்குப் புருஷன் இவ்வளவு செய்கிறானா என்று பக்கத்து வீட்டில் எனக்கு நல்ல பேர். ஒரு நாள் அவள் அதை விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மாத்திரை தேஞ்சு போச்சா?"

"இப்ப எல்லாமே சின்னதாத்தான் வருது. சோப்பு சின்னதாயிடுச்சு, பிஸ்கட் பாக்கெட் சின்னதாயிடுச்சு. மாத்திரை மட்டும் பெருக்குமா?"

"விலை மட்டும் சின்னதாகலையாக்கும்." சிரித்துவிட்டு வாயில் போட்டாள். பிறகு நாக்கால் தடவிக்கொண்டே சொன்னாள். "ஒரு பக்கம் கூரா இருக்குதுங்க. நாக்கைக் கீறுது."

"அப்ப நக்காதே, முழுங்கு."

முழுங்கினாள். சொன்னால் கேட்கிறவள். அதைப் பற்றி அவள் மறுபடி பேசவே இல்லை. பேசியிருந்தால் நான் யோசித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த நாளிலிருந்து, பாப்பா பக்கத்தில் இருந்தால், மாத்திரையை வாங்கியதும் விரலை மூடிக்கொள்வாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பின்மண்டை வலிக்கிறது என்று சில நாள் சொன்னாள். எனக்கும்தான் முதுகு வலிக்கிறது. நடக்கும்போது தரை சாய்கிற மாதிரி இருக்கிறது என்றாள். வீட்டுத் தரையே சாய்வுதான், கட்டியவன் கொத்தனாரா குடிகாரனா தெரியாது என்றேன். பாப்பா டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றாள். இந்த மாதத் தொகையைக் கட்டிவிட்டுப் பார்க்கலாம் என்றேன். கட்டினேன். முத்திரை குத்திய சீட்டோடு வீட்டுக்கு வந்தபோது அவள் துணி துவைக்கிற இடத்தில் விழுந்து கிடந்தாள். பக்கெட் கவிழ்ந்து சோப்புத் தண்ணீர் அவளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். சொல்லாக வரவில்லை.

வலப் பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, கொதிப்பு கட்டுக்குள் இல்லை என்றார் டாக்டரம்மா. என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

"மாத்திரை யார் குடுக்குறது?"

"நான்தாங்க."

"தினமும் சரியாக் குடுத்தீங்களா? இடையில எப்பவாவது விட்டுப்போச்சா?"

"ஒரு வேளைகூடத் தவறலைங்க. காலையில, சாயங்காலம். என் கையாலேயே."

அந்தம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ எழுதினார். மாத்திரை போதவில்லை போலிருக்கிறது, வேறு மாற்றிப் பார்க்கலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் படித்தவர்களைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்தது சரிதான் என்று தோன்றியது.

நேற்று, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில், பாப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

"அப்பா, பேங்க்ல பேசிட்டு வந்துட்டேன். போன்ல பேசுவாங்களே, அந்த அக்கா ரொம்ப நல்ல மாதிரி. வட்டியை நிறுத்திட்டாங்க. சின்னத் தவணை போட்டுக் குடுத்துட்டாங்க."

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"சின்ன எழுத்தைப் படிச்சியா?"

"அதையும் படிச்சேன்." கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "இதை முதல்லயே உங்ககிட்டச் சொன்னாங்களாமே?"

"சொல்லுச்சு. நான் நம்பலை."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி மெதுவாக, அழுத்தி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். "நீங்க இவ்வளவு நாள் கட்டினது பூரா வட்டிக்கே போயிடுச்சுப்பா. அசல் நகரவே இல்லை. புதுத் தவணை நீங்க கட்டினதைவிடக் கம்மி. அம்மா மாத்திரையை முழுசா வாங்கினாக்கூடக் கையில மிச்சம் நிக்கும்."

முழுசா என்ற சொல்லை அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் வந்தது.

"ஃப்ரிட்ஜ் கடன்தானே?" என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"ஃப்ரிட்ஜும் வாடகையும் கொஞ்சம்தான்பா. மிச்சம் பெரும்பாலும் உங்க பல்லு."

ஆமாம், அந்த இன்னொரு செலவு இதுதான். மலிவான பல் செட் ஈறைக் கடிக்கிறது என்று முரண்டு பிடித்து, விலை கூடியதாக வாங்க வைத்தவன் நான். பாப்பா அட்டையை நீட்டினாள், மெஷின் கீச்சென்றது, எனக்கு வாய் நிறையப் பல் வந்தது. அட்டை வாங்குகிறவர்களை நான் திட்டியதெல்லாம் அந்தப் பல்லால்தான். நக்காதே முழுங்கு என்று சொன்னதும் அதே பல்லால்தான். நல்ல செட். இன்றுவரை ஒரு உறுத்தல் இல்லை.

ஆக, சொல்லிவிட்டேன். மாத்திரையை வெட்டியது நான். தெரிந்துதான் வெட்டினேன். அவளுக்குக் கண் தெரியாது என்பதும் தெரிந்துதான் வெட்டினேன். வெட்டி மிச்சம் பிடித்தது அத்தனையும் வட்டிக்குப் போயிற்று, கடன் ஒரு நூல்கூடக் குறையவில்லை. இதில் என் தப்பு எவ்வளவோ அவ்வளவை ஒத்துக்கொள்கிறேன். சோப்புத் தண்ணீரில் தரை வழுக்கியதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்று அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காலையில் நர்ஸ் அவள் இடது கையில் மாத்திரை ஒன்றை வைத்தாள். அவள் உடனே வாயில் போடவில்லை. கட்டைவிரலால் அதன் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். முழு வட்டம். பிறகு நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். அந்தப் புரை விழுந்த கண் என்னைத்தான் பார்த்தது என்று சொல்ல முடியாது. கண் மங்கியவர்கள் எதையும் தடவித்தான் பார்ப்பார்கள். அது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

பாப்பாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. புது மாத்திரைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். "அப்பா, மத்தியானம் வண்டி வரும். நீங்க முன்னாடி போய்ப் படுக்கையைத் தயார் பண்ணுங்க. மாத்திரை உங்க பொறுப்பு. இத்தனை நாள் ஒரு வேளை தவறாமப் பார்த்துக்கிட்டீங்க, இனிமேலும் நீங்கதான் பார்த்துக்கணும்." அவள் நல்ல பெண், யாரையும் நம்பிவிடுவாள்.

வாங்கிக்கொண்டு வெளியே நடந்தேன். குயில் போட்டுக் கொடுத்த தவணையில் எங்கோ ஒரு கொக்கி இருக்கிறது, இன்றில்லாவிட்டால் நாளை அது மாட்டும். அதற்கு இப்போதே நாலு காசு ஒதுக்கி வைப்பதுதான் புத்தி. வாசல் தாண்டியதும் நின்று, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பொட்டலத்தைப் பிரித்து வெளிச்சத்தில் ஒரு மாத்திரையைத் தூக்கிப் பிடித்தேன். பழையது மாதிரி இல்லை. இதன் நடுவில் கம்பெனிக்காரனே நேராக ஒரு கோடு போட்டு அனுப்பியிருக்கிறான்.

வெட்டக் கூடாத பொருளுக்கு எவனாவது கோடு போடுவானா?